புது செட்டுக்கு முன்னால் ஒரு பழைய செவன் அயர்ன்

மூணாறில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டு வருஷமாக, ஓய்வு பெற்றுப் போன மேனேஜர் விட்டுச் சென்ற பழைய செட்டில் கோல்ஃப் ஆடுகிறாராம். கையில் ஒரு லட்சம் சேர்ந்திருக்கிறது. புது செட் வாங்கும் முன் ஃபிட்டிங் (ஆளுக்கு ஏற்றபடி கிளப்பை, அதாவது பந்தடிக்கிற மட்டையை, அளந்து பொருத்துவது) செய்துகொள்ள பெங்களூரு வரை போய் வருவது தேவையா, 24 ஹேண்டிகேப் (இந்த எண் கூடக் கூட ஆட்டம் இன்னும் தேற வேண்டும் என்று அர்த்தம்) ஆளுக்கு அது வீண் செலவா என்பது கேள்வி. உயரம் 5 அடி 5 அங்குலம். மனைவிக்கும் ஆட ஆசை, அவருக்கு ஒரு 'லேடீஸ் செட்' பார்த்து வைத்திருக்கிறார், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

போய் வாருங்கள் தம்பி. பஸ் செலவும் ஃபிட்டிங் கட்டணமும் சேர்ந்தாலும் தப்பான செட் வாங்கிவிட்டு மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டுகிற செலவுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் எதை அளக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் ஃபிட்டிங் என்ற பெயரில் விலை கூடின செட்டை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

நான் சின்ன வயசில் இங்கே ஹைரேஞ்ச் கிளப்பில் கோல்ஃப் ஆடுகிறவர்களின் பை தூக்கினவன். அப்புறம் பெங்களூரில் பதினான்கு வருஷம் கிளப் ரிப்பேர் வேலை. இப்போது மூணாறுக்கே திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் கிரிப் என்கிற பிடியை மாற்றுவது, கிளப்பின் கோணத்தை வளைப்பது என்று பொழுது போகிறது. என் அப்பா எஸ்டேட்டில் கவாத்து வெட்டினவர். கவாத்துக் கத்திக்குப் பிடி போடும்போது கடையில் கிடைக்கிற பிடியை அப்படியே மாட்ட மாட்டார். செடிப் பக்கம் நின்று, குனிந்து, இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்து, சீவி, மறுபடி வெட்டிப் பார்ப்பார். அடுத்த ஆளின் கத்தியை வாங்கி ஒரு மணி நேரம் வெட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பார். கிளப் ஃபிட்டிங்கும் இந்த வேலைதான். கூட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஸ்விங் ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் ஃபிட்டிங் பார்க்கலாம்" என்று கிளப்பில் பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்விங் என்றால் கிளப்பை வீசுகிற விதம். எனக்கு அவர்கள் சொல்வதில் உடன்பாடில்லை. நீளம் கூடின கிளப்பை வைத்துக்கொண்டு ஆடுகிறவன் தன்னை அறியாமலே நிமிர்ந்து நிற்கப் பழகுகிறான், கையைத் தூக்கிப் பழகுகிறான். அந்தப் பழக்கம் உடம்பில் ஏறியபின் சரியான கிளப்பைக் கொடுத்தாலும் அது அவனுக்குத் தப்பாகத் தெரியும். ஸ்விங் மாறும்போது மாறுவது பெரும்பாலும் வேகமும் டிரைவர் (முதல் அடிக்கான நீளமான கிளப்) அளவுகளும்தான். உங்கள் கை நீளமும் நிற்கிற உயரமும் நாளைக்கு மாறப் போவதில்லை.

எனக்கே நடந்த கதை இது. பெங்களூரு போன புதிதில், ஒரு கடையில் வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட் ஹாண்ட் செட் ஒன்றைப் பார்த்தேன். ஃபோர்ஜ்டு அயர்ன், அதாவது அடித்து உருவாக்கிய இரும்புத் தலை கிளப், பளபளவென்று இருந்தது. என் உயரமும் உங்கள் உயரம்தான். "எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி மூன்று மாசச் சம்பளத்தைக் கொடுத்தேன். இரண்டு வருஷம் ஒவ்வொரு பந்தும் இடது பக்கம் போனது. கிரிப்பை மாற்றினேன், காலை மாற்றிப் போட்டேன், ஒரு கோச்சிடம் போய்ப் பணம் கட்டினேன். கடைசியில் நான் வேலை பார்த்த இடத்திலேயே, மத்தியானம் சும்மா இருந்த நேரத்தில், மேஸ்திரி என் செவன் அயர்னை (7-ஆம் எண் அயர்ன்; எண் கூடக் கூடப் பந்து போகிற தூரம் குறையும்) அளந்து பார்த்தார். ஸ்டாண்டர்டை விட ஒரு அங்குலம் நீளம். யாரோ ஆறடி ஆளுக்காக நீட்டிய செட். நீளம் அரை அங்குலம் கூடினால் ஆடுகிறவருக்கு லை கோணம் (கிளப் தரையோடு நிற்கிற கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்தது போல ஆகிவிடும். அதற்கு மேல் நான் குட்டை. என் கையில் அந்த கிளப் தலையின் வெளி நுனி ஆகாயத்தைப் பார்த்தது, முகம் (பந்தில் படுகிற பக்கம்) இடது பக்கம் திரும்பியிருந்தது. ஸ்விங்கில் கோளாறே இல்லை.

அதனால் முதலில் லை கோணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது யாரும் கேட்காத விஷயம் இதுதான், அயர்னில் முக்கியமானதும் இதுதான். கிளப்பைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் என்கிற தண்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற கோணம் லை. செவன் அயர்னில் 62, 63 டிகிரியை ஒட்டி இருக்கும். அடிக்கும் நொடியில் நுனி தரையில் குத்தி, குதிகால் (தலையில் தண்டுப் பக்கத்து ஓரம்) தூக்கியிருந்தால், வலது கைக்காரருக்குப் பந்து வலது பக்கம் கிளம்பும். குதிகால் குத்தி நுனி தூக்கியிருந்தால் இடது பக்கம். லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம்) கூடக் கூட இந்தக் கோளாறு பெரிதாகத் தெரியும். நீள அயர்னில் சமாளித்துவிடலாம், வெட்ஜில் (கிட்டத்துத் தூரத்துக்கான, லாஃப்ட் கூடின கிளப்) கிரீனையே (குழி இருக்கிற வழுவழுப்பான புல்தரை) தவறவிடுவீர்கள்.

இதைப் பார்க்க பெங்களூரு வேண்டாம். நாளைக்கே நீங்கள் செய்து பார்க்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கரால் பந்தின் ஒரு பக்கம் கனமாக ஒரு கோடு போடுங்கள். கோடு நேராக நிற்கும்படி, அது கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வையுங்கள். மை காயும் முன் செவன் அயர்னால் வழக்கம் போல அடியுங்கள். முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கோடு பதிந்திருக்கும். பள்ளக் கோடுகளுக்குச் செங்குத்தாகப் பதிந்திருந்தால் லை சரி. கோட்டின் தலை நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்திருக்கிறது. குதிகால் பக்கம் சாய்ந்திருந்தால் அதிகம் படுத்திருக்கிறது. துடைத்துவிட்டுப் பத்து பந்து அடித்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டு ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் உங்கள் பதில். ஒன்று மட்டும் கவனம், சமமான இடத்தில் நின்று அடிக்க வேண்டும். நம்ம ஊரில் அது கிடைப்பதே கஷ்டம், டீ போடுகிற மேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டுச் சரிவில் பந்து காலுக்கு மேலே இருந்தால் அது தானாகவே இடது பக்கம் போகும், அதைப் பார்த்து கிளப்பை வளைக்கக் கூடாது.

கோல்ஃப் கிளப் செய்கிற பிங் கம்பெனியை ஆரம்பித்த கார்ஸ்டன் சோல்ஹைம் அடிப்படையில் இன்ஜினியர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். லை கோணத்தை நிறப் புள்ளியால் குறிக்கும் பழக்கத்தை அவருடைய கம்பெனி கொண்டுவந்தது. செகண்ட் ஹாண்டில் பிங் அயர்ன் கிடைத்தால் தலையில் புள்ளியைப் பாருங்கள். கருப்பு என்றால் ஸ்டாண்டர்டு. நீலம், பச்சை நிமிர்ந்த பக்கம். சிவப்பு, ஆரஞ்சு படுத்த பக்கம். விலை மலிவாக இருக்கிறதே என்று பச்சைப் புள்ளி செட்டை எடுத்துவிட்டு என் ஷெட்டுக்கு வந்த ஆட்கள் உண்டு.

நீளத்துக்கு உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஷூ போட்டு நேராக நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 34, 35 அங்குலம் வந்தால் ஸ்டாண்டர்டு நீளம் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் குட்டைதான், ஆனால் கையும் குட்டையாக இருந்தால் மணிக்கட்டு தரையிலிருந்து உயரத்தில்தான் இருக்கும், அப்போது கிளப்பைக் குறைக்க வேண்டியதே வராது. இது தெரியாமல் "5 அடி 5-ஆ, அரை அங்குலம் வெட்டு" என்று வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் தலையின் கனம் கையில் குறைந்து தெரியும். ஸ்விங் வெயிட் என்று சொல்வார்கள், டி0, டி1, டி2 என்று ஒரு கணக்கு. அரை அங்குலத்துக்கு மூன்று புள்ளி குறையும். புள்ளிக்கு இரண்டு கிராம் என்று தலையில் ஈயப் பட்டை ஒட்டினால்தான் பழைய கனம் வரும். வெட்டிக் கொடுக்கிறவர் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் அவரிடம் கிளப்பைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து ஷாஃப்ட். இதில்தான் ஆண்களின் வீம்பு வெளியே வரும். ஷாஃப்டில் ஆர், எஸ், எக்ஸ் என்று எழுதியிருக்கும், விறைப்பு கூடிக்கொண்டே போகும். இந்த எழுத்துகளுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் எஸ் இன்னொரு கம்பெனியின் ஆர் மாதிரி வளையும். டிரைவர் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் ஆர், 95 முதல் 105 வரை எஸ் என்பது ஒரு பொதுக் கணக்கு மட்டுமே. "நான் நல்ல வேகமாத்தான் அடிப்பேன்" என்று எஸ் கேட்கிற இருபது பேரில் பதினைந்து பேருக்கு ஆர் போதும் என்பது என் அனுபவம். எழுத்தை விட எடையைப் பாருங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 95 கிராமிலிருந்து 130 கிராம் வரை கிடைக்கிறது, கிராஃபைட் அதை விட நன்றாகக் குறையும். பதினைந்து கிராம் வித்தியாசம் கடையில் இரண்டு அடி அடிக்கும்போது தெரியாது. மழையில் நனைந்த பையோடு ஏழாவது குழி ஏற்றத்தில் நடக்கும்போது தெரியும்.

சரி, பெங்களூரு போகிறீர்கள். உங்கள் பழைய செவன் அயர்னைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். வழக்கமாகப் போடும் ஷூ, வழக்கமான கையுறை. இரவு பஸ்ஸில் இறங்கி நேரே போகாதீர்கள், குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள். அங்கே டிராக்மேன், ஜிசி குவாட் மாதிரி, பந்து போகிற விதத்தை அளக்கிற ஒரு கருவி வைத்திருப்பார்கள். முதலாவது ரேடார், இரண்டாவது கேமரா. எதுவானாலும் நமக்குப் போதும். முதலில் உங்கள் கிளப்பால் பத்து பந்து அடித்து அந்த எண்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் புது கிளப்பின் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

இங்கேதான் ஒரு வித்தை நடக்கும். உங்கள் பழைய செவன் அயர்னில் லாஃப்ட் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் செவன் அயர்ன் 28, 29 டிகிரி. அதாவது பழைய ஃபைவ் அயர்னின் லாஃப்டில் 7 என்று எழுதியிருக்கிறார்கள். அடித்தால் திரையில் இருபது யார்டு கூடுதலாகக் காட்டும், நமக்கு வாய் பிளந்துவிடும். அந்த நேரத்தில் ஃபிட்டரிடம் கேட்க வேண்டியது: "இதன் லாஃப்ட் எவ்வளவு? பந்து எவ்வளவு உயரம் போனது? எந்தக் கோணத்தில் இறங்கியது?" செவன் அயர்ன் பந்து 45 டிகிரியை ஒட்டி இறங்கினால் கிரீனில் நிற்கும். 38, 39-ல் இறங்கினால் உருண்டு பின்னால் போய்விடும். நம்ம கிரீன்கள் சின்னவை, பின்னால் பள்ளம். தூரம் கூடி என்ன பிரயோஜனம்? அப்புறம், புது மாடலில் பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரி என்றால் அதற்கும் உங்கள் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். அதை அடைக்க இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டி வரும். அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எண்களைப் பார்க்கும்போது நீளமாகப் போன ஒரே அடியைப் பார்க்காதீர்கள். ஐந்தாறு அடி எந்த வட்டத்துக்குள் விழுந்தன என்று பாருங்கள். கோச் முன்னால் நிற்கிற மாதிரி அடிக்காமல் சனிக்கிழமை அடிக்கிற மாதிரி அடியுங்கள். ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைந்து போவது) வருகிறதா, வரட்டும், அதைப் பார்க்கத்தான் போயிருக்கிறீர்கள். அறுபது எழுபது பந்துக்கு மேல் உடம்பு தளர்ந்துவிடும், அதற்கப்புறம் வரும் எண்களை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். செயற்கைப் புல் பாயில் அடிக்கிறோம் என்பதும் நினைவில் இருக்கட்டும். பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் பாய் கிளப்பை வழுக்கிவிட்டுக் காப்பாற்றும், நம்ம ஈரப் புல் காப்பாற்றாது.

உயர விஷயம் ஒன்று. மூணாறு சுமார் 1,500 மீட்டர், பெங்களூரு 900 சொச்சம், கோயம்புத்தூர் 400. காற்று மெலிந்தால் பந்து தூரம் போகும். கடல் மட்டத்தில் 150 யார்டு போகிற அடி இங்கே ஏறக்குறைய 158 போகும், பெங்களூரில் 155, செட்டிபாளையத்தில் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பில் 152. நம்ம ஊரில் பந்து வளைவதும் கொஞ்சம் குறையும், இறங்குவதும் சற்றுத் தட்டையாக இருக்கும். கருவியில் எந்த உயரம் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்தின் எண்ணை மனப்பாடம் செய்வதை விட, கிளப்புக்குக் கிளப் பத்துப் பன்னிரண்டு யார்டு இடைவெளி ஒரே சீராக வருகிறதா என்பதைப் பாருங்கள். அந்தச் சீர் உடுமலைப்பேட்டைக்குக் கீழே இறங்கினாலும் பெரிதாக மாறாது.

டிரைவரை இப்போது வாங்காதீர்கள் என்பேன். 24 ஹேண்டிகேப்பில் வேகம் இன்னும் மாறும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் லாஃப்ட் திருகி மாற்றக்கூடியதாக, 10.5 டிகிரிக்குக் குறையாமல் எடுங்கள். 9 டிகிரி டிரைவர் பையில் இருந்தால் பார்க்க கெத்தாக இருக்கும், பந்து என்னவோ வேலியைத் தாண்டாது. த்ரீ அயர்ன், ஃபோர் அயர்ன் தேவையே இல்லை, ஒரு ஹைப்ரிட் (நீள அயர்னுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிற, அடிக்கச் சுலபமான கிளப்) போதும். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்றால் 14-உம் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நான் பை தூக்கின காலத்தில் ஒரு துரை ஏழே கிளப்பில் ஆடி, பதினான்கு வைத்திருந்தவர்களிடம் பந்தயக் காசு வாங்கிக்கொண்டு போவார்.

கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டரை யாருமே அளப்பதில்லை. ஒரு ரவுண்டில் முப்பது முப்பத்தைந்து அடி அதில்தான் போகிறது. கடையில் தொங்குவது பெரும்பாலும் 34, 35 அங்குலம். உங்கள் உயரத்துக்கு 33 போதுமாக இருக்கலாம். நின்று பார்க்கும்போது கண் பந்துக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். மூக்குத்தண்டில் ஒரு பந்தை வைத்துக் கீழே விடுங்கள், எங்கே விழுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கிரிப் தடிமனுக்கு ஒரு சோதனை: இடது கையால் பிடித்தால் நடு இரண்டு விரல் நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். குத்தினால் கிரிப் மெலிசு, எட்டாவிட்டால் தடிமன். தடிமனை மாற்றினால் ஸ்லைஸ் போய்விடும் என்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜூனில் மழை பிடித்தால் நம்ம ஊரில் லேசில் விடாது, அதனால் நூல் கலந்த கிரிப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை துணி சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் புதுசு மாதிரி ஒட்டும். அதே காரணத்துக்காக வெட்ஜில் அடிப்பாகத்தின் பவுன்ஸ் (மண்ணில் புதையாமல் தடுக்கிற சரிவு) கூடுதலாக இருக்கட்டும், குறைவாக இருந்தால் இளகிய மண்ணில் கத்தி மாதிரி இறங்கிவிடும்.

உங்கள் மனைவி விஷயம். 'லேடீஸ் செட்' என்பது பெரும்பாலும் ஆண்கள் செட்டை ஒரு அங்குலம் குறைத்து, வளைகிற ஷாஃப்ட் போட்டு, நிறம் மாற்றியது. அவர் உங்களை விட உயரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் வாலிபால் ஆடினவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த செட் அவர் கையில் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். அவரையும் பெங்களூருக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை உங்கள் பழைய செட்டில் அவர் ஆடிப் பார்க்கட்டும், அது அவருக்கே பொருந்தினாலும் ஆச்சரியமில்லை.

ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்றால், புது மாடல் வெறியை விட்டுவிட்டு இரண்டு மூன்று வருஷம் பழைய மாடல் அயர்னுக்குப் பெரும்பகுதியை வையுங்கள். ஃபிட்டிங், வளைப்பு, கிரிப் எல்லாவற்றுக்கும் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஃபிட்டர் எழுதிக் கொடுக்கிற தாளை வாங்காமல் வெளியே வராதீர்கள். நீளம், லை, லாஃப்ட், ஷாஃப்டின் பெயரும் எடையும், ஸ்விங் வெயிட், கிரிப் அளவு ஆறும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இருந்தால் செட்டை எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். கட்டணம் தனியாகக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது. "இங்கேயே வாங்கினால் ஃபிட்டிங் இலவசம்" என்றால் அவரிடம் இருக்கிற இரண்டு கம்பெனிக்குள்தான் உங்கள் ஸ்விங் அடங்கியாக வேண்டும்.

செட் வந்ததும் நேரே மைதானத்துக்குக் கொண்டு போகாதீர்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே லையும் லாஃப்டும் ஒரு டிகிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருப்பது சகஜம். சிக்ஸ் அயர்ன் ஒரு டிகிரி கீழே, செவன் அயர்ன் ஒரு டிகிரி மேலே என்றால் நாலு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருக்கும், உங்களுக்கு ஸ்விங் மேல் சந்தேகம் வரும். பெட்டியோடு என்னிடம் கொண்டு வாருங்கள், தாளையும் எடுத்து வாருங்கள். ஃபோர்ஜ்டு என்றால் இரண்டு டிகிரி வரை பயமில்லாமல் வளைத்துக் கொடுத்துவிடலாம். கெட்டியான ஸ்டெயின்லெஸ் வார்ப்பு என்றால் ஒரு டிகிரிக்கு மேல் நான் கை வைக்க மாட்டேன், கழுத்தில் விரிசல் விட்டால் ஒட்ட முடியாது. வரும்போது மார்க்கர் கோடு பதிந்த அந்தப் பழைய செவன் அயர்னையும் துடைக்காமல் எடுத்து வாருங்கள்.